ஏழு பெட்டி விடைத்தாள்கள்

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கொரினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் பனி விழப்போகிறதென்றால் வானொலிக்கு முன்பாகவே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. நீ சுகமாக இருப்பதைப் போன வாரமே தொலைபேசியில் சொன்னாய், ஆனாலும் காகிதத்தில் ஒரு தடவை கேட்டால்தான் கேட்டதாக எனக்குத் தோன்றும், ஆகவே கேட்கிறேன், சுகமா? நியூசிலாந்தில் இப்போது கோடை முடிகிற நேரம் என்கிறாய், இங்கே வாசல் படியில் இன்னும் முழங்காலளவு பனி. உன் அறைக்கு மேலே கூரை ஒழுகுகிறது, புத்தகங்களையெல்லாம் ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன், ஒன்றும் நனையவில்லை. அம்மா தேவாலயத்துத் தவக்கால வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு இந்த வருஷமும் சாலட்டுக்கு முட்டைக்கோஸ் நறுக்கப் போகிறாள், போன வெள்ளி அதில் மயோனைஸ் கூடிப்போயிற்று என்று யாரோ சொன்னதற்கு இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் பெரிய சத்தம் போட்டன. நீ இருப்பது இடப்பக்கம் வண்டி ஓட்டுகிற ஊர், பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது இரண்டு பக்கமும் பார்த்துக் கட, இத்தனை வயதுக்கு மேல் சொல்லவேண்டியதில்லைதான், சொல்லாமலும் இருக்கமுடியவில்லை.

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவன் எதற்காகக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, மூன்று வருஷமாக வரவில்லை, அதனால்தான். சுற்றி வளைத்தால் வழக்கம்போல் மென்று விழுங்கிவிடுவேன், ஆகவே நேராகவே எழுதிவிடுகிறேன். நீங்கள் வேலைநிறுத்தம் செய்த அந்த டிசம்பரில் நம் கார் கொட்டகையிலிருந்த ஏழு பெட்டி விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு போய்ப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தவன் நான். எமெட் ரூர்க் இல்லை. உன்னோடு ஐந்து வருஷம் ஒரே மேசையைப் பங்குபோட்டுப் பாடம் நடத்திய அந்த எமெட் இல்லை, நான்.

எப்படி மனசு வந்தது என்று கேட்பாய். அந்தப் பெட்டிகளை நீயும் எமெட்டும் இறக்கி வைத்த அன்று நீ என்னிடம் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. முதலாண்டு மாணவர் அத்தனை பேரும் படித்தே ஆகவேண்டிய பாடம், அதை நடத்துகிறவர்கள் எல்லோரும் ஆராய்ச்சி மாணவர்களான நீங்கள்தான், ஒப்பந்தம் கையெழுத்தாகிறவரை மதிப்பெண் தருவதில்லை என்று சங்கத்தில் முடிவு, அலுவலகத்தில் வைத்தால் பூட்டை உடைத்து எடுத்துக்கொள்வார்கள், நம் கொட்டகையில் யாரும் தேடமாட்டார்கள், இதுதான் நீ சொன்னது. நான் தலையாட்டினேன். இரண்டாம் நாள் டோனட் வாங்கிக்கொண்டு வந்து மறியலில் நின்ற உன் கூட்டாளிகளுக்கெல்லாம் கொடுத்தேன், சாக்பீஸ் பிடித்துக் கை காய்த்துப்போனவர்களே, சாப்பிடுங்கள் என்று கிண்டலும் செய்தேன், எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். ஐந்தாம் நாள் பத்திரிகையில் போட்டிருந்தார்கள், விடைத்தாள்கள் பல்கலைக்கழகத்தின் சொத்து, எடுத்து வைத்திருப்பவர்கள் மேல் திருட்டு வழக்குப் போடுவோம் என்று. அதைப் படித்ததும் எனக்கு மெர்லின் ஹாஸ் ஞாபகம் வந்துவிட்டான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் கியர் ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தில், மெர்லின் தன் அளவுகோல் செட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான், அந்த ஒன்றை வைத்தே கம்பெனி அவனையும் இன்னும் மூன்று பேரையும் கழற்றிவிட்டது, சங்கத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்களுக்கெல்லாம் வேலைநிறுத்தம் என்றால் கருவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வெளியே வருவது, கருவியைத் தூக்கிக்கொண்டு வருவது இல்லை. அதைத்தான் முப்பத்தொரு வருஷம் நான் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். என் மகளைப் போலீஸ் கொண்டுபோகப் போகிறது, பெட்டிகளைத் திருப்பி வைத்துவிட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்லமுடியாது, வேலைநிறுத்தம் அது பாட்டுக்கு நடக்கட்டும் என்று நினைத்தேன். கருவி என்று நான் நினைத்த அந்தக் காகிதக் கட்டுதான் உங்கள் வேலைநிறுத்தமே என்பது எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவும் நிஜம், ஆனால் முழுவதும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதத்தான் கை கூசுகிறது. நீங்கள் செய்வதை நான் வேலை என்றே நினைக்கவில்லை கொரின். படிக்கிற பிள்ளைகள் சங்கம் என்று விளையாடுகிறார்கள் என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன். நீ ஞாயிற்றுக்கிழமைகூட எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து நாற்பது பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், காப்பி ஆறிப்போவதைக்கூடப் பார்த்திருக்கிறேன், அப்படியும் நினைத்தேன். வேலையென்று நினைத்திருந்தால் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். ஆலையில் என் பக்கத்து மெஷின்காரனைக் கேட்காமல் அவன் மேசைமேல் இருக்கிற ஒரு திருகாணியைத் தொட்டிருப்பேனா? உன்னைக் கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

காலை பத்து மணி இருக்கும், நீ மறியலுக்குப் போயிருந்தாய், அம்மா கடைக்குப் போயிருந்தாள். பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். முன்வாசலில் நீங்கள் எல்லோரும் நின்றீர்கள், சாமான் ஏற்றி வந்த லாரிக்காரர்கள்கூட உங்களைத் தாண்டி உள்ளே போகாமல் தெருவிலேயே நிறுத்தியிருந்தார்கள், நான் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். அங்கே ஒற்றை ஆளாக அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யாரோ வண்டியைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார், குளிருக்குத் தலையெல்லாம் மூடியிருந்தது, நானும் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் ஆயுளில் நான் தாண்டிய ஒரே மறியல் அது. அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். பேராசிரியர்கள் உட்கார்ந்து மூன்றே நாளில் அத்தனையையும் திருத்தி மதிப்பெண் போட்டுவிட்டார்கள், அதைப் பார்த்து மற்றத் துறைக்காரர்களும் மனசு விட்டுப்போய்த் தாங்கள் வைத்திருந்த விடைத்தாள்களை ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள், அந்த வாரமே சங்கம் கிடைத்ததைப் போதுமென்று கையெழுத்துப் போட்டது. பிள்ளை குட்டிக்காரர்களுக்கு மருத்துவக் காப்பீடு கேட்டீர்கள், ஒருவர் தலையில் இத்தனை மாணவர்தான் என்று வரம்பு கேட்டீர்கள், இரண்டும் போயிற்று.

பெட்டிகளைக் காணோம் என்று நீ கொட்டகையில் நின்றபோது சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் பக்கவாட்டுக் கதவு திறந்து கிடந்தது என்றேன். அது பொய்யில்லை, திறந்தவன் நான். எமெட் இந்தப் பக்கம் வந்தானா என்று கேட்டாய். தெரியாது என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் அவன் தலையில் விழுந்தது. பெட்டி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் நாம் மூவரும் அவனும்தான், எங்கள் இருவரையும் நீ நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சங்கத்தில் அவனைப் பேச்சுவார்த்தைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். நீ ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு உலகத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாய். விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, உங்களைத் தவிர யாரையும் நம்பமுடியலப்பா என்று அழுதாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஏன் திறக்கிறேன் என்றால், அந்த மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்து புதிதாகப் பேச்சுவார்த்தை ஆரம்பித்திருக்கிறது. சங்கத்துக்காரர்கள் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். எங்கள் ஆலையில் ஓய்வு பெற்றவர்களையும் துணைக்கு வரச்சொல்லி எழுதியிருந்தார்கள், பன்னிரண்டு கிழவர்கள் சங்கத்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போன வியாழக்கிழமை போனோம். ஒரு பெண், உன் வயதுதான், எதிரே இருந்த வக்கீல்களிடம் தன் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று நிதானமாகச் சொன்னாள், ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஏழு நிமிஷம்தான் தன்னால் தரமுடிகிறது என்றாள். ஏழு நிமிஷத்தில் நான் ஒரு கியரைக்கூட ஒழுங்காக அளந்ததில்லை. பிறகு பழைய ஆள் என்று என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள், தொழிலாளர் ஒற்றுமையைப் பற்றி. எழுந்தேன், பேரைச் சொன்னேன், அவ்வளவுதான், நாக்கு ஒட்டிக்கொண்டது, உட்கார்ந்துவிட்டேன். வயசானவர் என்று கை தட்டினார்கள்.

எல்லோரும் போனபிறகு எமெட் தனியாக நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறான், ஆனால் நாற்காலி போடுவதும் வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவதும்தான் அவனுக்கு விட்டிருக்கிற வேலை. அவன் பக்கத்தில் போய், அந்தப் பெட்டிகளைக் கொண்டுபோனது நான் என்றேன். அவன் நாற்காலியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"தெரியும் சார். அன்னிக்குப் பின்வாசல்ல நின்னது நான்தான். உங்க வண்டின்னு தெரிஞ்சதும், டோனட் கொண்டுவர்றீங்கன்னு நெனச்சுத்தான் வழிவிட்டேன்."

ஏனப்பா யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"சொன்னேனே. கொரின்கிட்ட மட்டும் சொன்னேன். அதுக்கு அவ, எங்கப்பா முப்பத்தொரு வருஷம் யூனியன்ல இருந்தவரு, உயிரே போனாலும் மறியலைத் தாண்டமாட்டாரு, நீ தப்பிக்கிறதுக்கு அவரு பேரை இழுக்கிறியான்னு கேட்டா. அதுக்கப்புறம் எங்கூட ஒரு வார்த்தை பேசல. அவளே நம்பாததை வேற யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

கொரின், இது உனக்குத் தெரிந்த விஷயம், எனக்குத்தான் புதுசு. மூன்று வருஷமாக ஞாயிறு ஞாயிறு என் முழங்காலைப் பற்றி விசாரித்தாயே, ஒரு நாளாவது அவன் சொன்னதை என்னிடம் கேட்டிருக்கலாமே என்று அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தேன். கேட்டால் எனக்கு வலிக்கும் என்று விட்டாயோ, கேட்டால் நான் என்ன சொல்வேனோ என்று பயந்து விட்டாயோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும் குற்றம் உன்மேல் இல்லை. உண்மை சொன்ன ஒரு மனிதனை என்னை நம்பி நீ பொய்யன் என்றாய். என் மானத்தைக் காப்பாற்ற உன் சிநேகிதத்தையும் படிப்பையும் விட்டாய், காப்பாற்றுகிற அளவுக்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். மறுநாள் காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இருபத்தேழாம் தேதி வியாழக்கிழமை அடுத்த பேச்சுவார்த்தை, அன்று அத்தனை பேர் முன்னாலும் எழுந்து இதைச் சொல்லப் போகிறேன், நாக்கு ஒட்டிக்கொண்டால் எழுதிக்கொண்டு போய்ப் படிப்பேன். அதற்கு முன்னால் உனக்கு நான் சொல்லிவிடவேண்டும் என்றவன் எமெட்தான். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்காரர் சொல்கிறார்.

நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும், உன் வகுப்புப் பிள்ளைகள் உன்னிடம் நன்றாகப் படிக்கவேண்டும், இதற்குத்தான் நானும் அம்மாவும் தினமும் ஜெபிக்கிறோம். மறக்காமல் ஒரு காரியம் செய். எமெட்டின் முகவரியைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், முதல் கடிதத்தை அவனுக்கு எழுது. இது உன் கைக்கு வந்தபிறகு வருகிற ஞாயிறும் நான் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வழக்கம்தானே, ஆனால் நீ கூப்பிடவேண்டும் என்று இல்லை.

உன் அப்பா,
லெராய் கொவாக்