வணக்கம் சொல்லத் தெரிந்த வழிகாட்டி

மலை சாயாதிருக்க. மாரி பொய்யாதிருக்க. முகில் படியும் முடிகளுக்கும், தேன் சொரியும் சரிவுகளுக்கும், அஞ்சுதல் அறியாக் குடிகளுக்கும் தலைவியாய்க் காரிமலை நாட்டை ஆளும் ஆதிரைநங்கையாராகிய நாம், கல்லரண் கோட்டையில் கொலுவீற்றிருந்து எழுதுவித்த ஓலை. புனல்வாயில் நாட்டுப் பண்டாரத் தலைவரும், பொருள் தேர்வதில் தமக்கு நிகர் தாமே என்று தாமே சொல்லித் திரிபவருமாகிய குணவாளர் இதை வாங்கி, தம் மன்னர் முன்னிலையில், அவை நிறைந்திருக்க, ஒரு சொல்லையும் விழுங்காமல் உரக்கப் படிப்பாராக.

உம் நாட்டு ஆறுகள் வற்றாதிருக்க. உம் வயல்கள் விளைக. உம் இளைய மன்னர் நீடு வாழ்க. உமக்கு மட்டும் வாழ்த்து இல்லை. ஓலையில் இடம் இல்லாமல் அன்று, கொடுக்க மனம் இல்லாமல்.

உம் அஞ்சல் படையைச் சேர்ந்த கொற்றி என்பவள், தன் மோட்டார் சைக்கிளோடு எம் எல்லைக் கல்லைத் தாண்டி வந்து, எம் காவல் அகழியில் முன்சக்கரம் புதைந்து பிடிபட்டாள். எம் நாட்டுச் சட்டம் நீர் அறிவீர். சொல்லாமல் உள்ளே நுழைந்த அயலாரை, அவருடைய நாடு தன் மன்னர் பெயரால் நம்மவர் என்று ஏற்றுக்கொண்டால் விடுவோம். ஏற்கவில்லையென்றால் கல்லுடைக்கக் கல்குழிக்கு அனுப்புவோம். கல்குழிக்குப் போனவர் மீண்டதில்லை. எனவே அவள் உயிர் உம் நாட்டின் ஒரு சொல்லில் தொங்கியது. அந்தச் சொல்லைக் கேட்டு உமக்கு எழுதினோம்.

நீர் எழுதிய மறுமொழி எம் கையில் இருக்கிறது. அவள் நம்மவள் அல்லள் என்றும், வழிகாட்டிக் கருவி செம்மையாய்ச் சொன்ன வழியை மீறி ஒற்றுச் சொல்லவே எம்மிடம் வந்தாள் என்றும், எம் சட்டப்படி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றும் எழுதியிருந்தீர். அடடா, எழுத்து எவ்வளவு அழகு! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தேரத் தெரியாத நீர் ஓட்டியவள் கோணல் என்கிறீர்.

அந்த ஓலை வரும்வரை கொற்றி சிறைக்கூடத்துச் சாளரத்தை விட்டு நகரவில்லை. காவலிருந்த பெண்ணிடம், "எங்க பண்டாரத் தலைவருக்கு மூக்குமேல கோவம்தான். ஆனா நம்ம ஆளை விட்டுக்குடுக்க மாட்டாரு," என்று சொல்லிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டாளாம். உம்மை நம்பியிருக்கிறாள், பாவம்! படித்துக் காட்டியபோது அவள் கத்தவில்லை, உம்மை வையவும் இல்லை. "நெசமாவே அப்படித்தான் எழுதியிருக்குதா? இன்னொருக்காப் படிங்க," என்றாள். இன்னொரு முறை படித்தோம். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பகைநாட்டுப் பெண்ணுக்காக நாம் அன்று சோற்றைத் தள்ளிவைத்தோம் என்பதை உம் அவை அறியட்டும்.

பிறகு விசாரித்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் நீர் என்று தெரிந்தது.

உம் அஞ்சல் படையினருக்கு வழி சொல்ல, மக்கள் ஜி.பி.எஸ். என்று வழங்கும் வழிகாட்டிக் கருவி ஒன்று தேர வேண்டியிருந்தது. பழைய பாலம் வெள்ளத்தில் போய், ஊருக்கு ஊர் புதுச்சாலை போட்டிருந்ததால் அது தேவைதான். அதில் உம்மைக் குறை சொல்லவில்லை. ஆனால் உம் நாட்டு வழக்கம் ஒன்று உண்டே! அரண்மனைப் பணிக்கு வரும் எதுவும் முதலில் அவையில் நின்று மன்னரை வணங்க வேண்டும். யானை துதிக்கை தூக்கும். குதிரை முன்கால் மடிக்கும். பீரங்கியைக்கூடக் கயிறு கட்டி இழுத்துத் தலை சாய்க்க வைப்பீர்களாம். வணங்காதது உம் வாசல் தாண்டாது.

அன்று இரண்டு கருவிகள் வந்தன. ஒன்று செங்கல் போலத் தடித்தது, பேசாது, பெரிய அம்புக்குறி காட்டும், கையுறையோடு அழுத்தலாம் என்று பக்கத்தில் முரட்டுப் பொத்தான்கள். மற்றொன்று கண்ணாடிபோல மினுங்குவது, தொட்டால் மலரும், தேன்குரலில் பேசும். மினுங்கியது வாயைத் திறந்து மன்னர் வாழ்க என்றதாம். அவை ஆர்ப்பரித்ததாம். செங்கல்லைப் பட்டுவிரிப்பில் வைத்துக் காத்திருந்தீர்களாம். அது பேசாமல் வடக்கைக் காட்டியதாம். வணங்காமுடி என்று அதைத் தள்ளிவிட்டீர்.

ஓட்டுவோர் சார்பில் அங்கே நின்றிருந்தவள் கொற்றி. இரண்டையும் வண்டிக் கைப்பிடியில் பூட்டி, உச்சி வெயிலில், தலைக்கவசமும் கையுறையும் மாட்டி, ஒரு சுற்றுப் போய்வர விடை கேட்டாள். அரசவைக்குப் பெட்ரோல் நாற்றம் ஆகாது என்று நீர் மறுத்தீர். அப்போது அவள், "ஐயா, இது கும்பிடு போட வாங்குறதா, கூட வர வாங்குறதா?" என்று கேட்டாளாம். அவை சிரித்தது. சிரித்தது அவளைப் பார்த்து அன்று, உம்மைப் பார்த்து. அதை நீர் மறக்கவில்லை. இந்த வழக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது எம் தீர்ப்பு.

அதோடு நின்றீரா? குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டீர். மினுங்கியதைச் செய்தவனை அழைத்து, அது ஒவ்வொரு முறை வாய்திறக்கும்போதும் மன்னரின் பட்டங்களை முழுதும் சொல்லிவிட்டுத்தான் வழி சொல்ல வேண்டும் என்று மாற்றச் செய்தீர். முடுக்கியவுடன் அந்தக் கருவி யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவரை மன்னர் பெயரால் பெயர் சொல்லி வாழ்த்த வேண்டும் என்றும் சேர்த்தீர். கருவி சொல்வது மன்னர் சொல்வது, மீறுவது துரோகம் என்று ஆணையும் இட்டீர். ஒருவன் அதை மீறித் தனக்குத் தெரிந்த வழியில் போய், ஓலையைச் சரியான கையில் சேர்த்தபோதும், அவன் வண்டியைப் பறித்தீர். அதன் பிறகு எவருக்கு வரும் துணிச்சல்?

இனி, அவள் வந்த வழியைக் கேளும். எல்லையோரத்து உம் ஊர் ஒன்றுக்குத் திருவிழா ஓலை கொண்டு போனாள். வெயிலில் கருவியின் முகம் வெறும் கண்ணாடியாகி, அதில் அவள் மூக்குதான் தெரிந்தது. வழி இரண்டாகப் பிரியும் பாறையை நெருங்கினாள். இடமா வலமா? கருவி தொடங்கியது: அலைகடல் அடக்கியவரும், அன்னம் அளித்தவரும், மும்முடி புனைந்தவரும்... வாயடைக்கக் கையுறையால் தட்டினாள், அதற்கு உறைக்கவில்லை. பின்னால் பாரவண்டி ஒன்று முட்டுவதுபோல வந்ததால் நிற்கவும் முடியவில்லை. மன்னரின் கடைசிப் பட்டம் முடிந்து, இடப்பக்கம் திரும்புக என்று அது சொன்னபோது, இடப்பக்கம் எப்போதோ பின்னால் போய்விட்டது. உடனே அது வேறு வழி தேடி, மறுபடி பட்டமெல்லாம் பாடி, அடுத்த இடப்பக்கம் என்றது. அது எம் காட்டுப்பாதை. வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதைதான். பாதை சரியில்லை என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் திரும்பினால் துரோகி. போனாள், விழுந்தாள்.

இதை நாம் உடனே நம்பிவிடவில்லை. எம் எல்லைக் காவலன் மாவேழனுக்கு உம் நாட்டுக் காற்றுப் பட்டாலே உடம்பு எரியும். பொய் சொல்கிறாள், கல்குழிக்கு அனுப்புங்கள் என்று முதலில் குதித்தவன் அவனே. அப்படியானால் நீயே ஓட்டிப் பார் என்றோம். அதே கருவியைத் தன் வண்டியில் பூட்டி, கையுறை மாட்டி, உச்சி வெயிலில், அது சொன்னபடியே போனான். அந்த அகழியை வெட்டுவித்தவன் அவன். அதன் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவன். போய் அதிலேயே விழுந்தான்! பட்டத்தை எண்ணிக்கொண்டிருந்ததில் பள்ளத்தை மறந்துவிட்டானாம். முழங்கால் தோல் பெயர்ந்து, நொண்டிக்கொண்டு வந்து, "அம்மா, அந்தப் பொண்ணை விட்டுருங்க. இதை வாங்கினவனை என் கையில குடுங்க," என்று கும்பிட்டான்.

அவளிடம் நாம் ஒன்று சொன்னோம். உன் நாடு உன்னைக் கைவிட்டது. எம் அஞ்சல் படையில் சேர்ந்தால் நீ எம்மவள் ஆவாய், கல்குழி உனக்கு இல்லை என்றோம். அவள், "பெரிய மனசும்மா உங்களுக்கு. ஆனா அவரு ஒருத்தர் இல்லைன்னு எழுதினா நான் அந்த ஊர்க்காரி இல்லாமப் போயிடுவேனா? கல்லுடைக்கிறதுன்னா உடைக்கிறேன்," என்றாள். கேட்டீரா, குணவாளரே? இவளைத்தான் துரோகி என்றீர்!

எம் சட்டத்தை எமக்காகவும் வளைக்க மாட்டோம். அவள் நாடு அவளை ஏற்கும் சொல் வேண்டும், அதுவும் மன்னர் பெயரால் வேண்டும். ஆகவே நேற்று அவை கூட்டினோம். கொற்றியை நடுவில் நிறுத்தினோம். உம் கருவியைப் பட்டுவிரிப்பில் வைத்து, மாவேழனைக் கொண்டு முடுக்கினோம். அது வழக்கம்போலத் தொடங்கியது. அலைகடல் அடக்கியவரும், அன்னம் அளித்தவரும் என்று எல்லாப் பட்டத்தையும் பாடியது. எம் அவை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது. முடிவில் அந்தத் தேன்குரல், புனல்வாயில் மன்னர் பெயரால் நம் அஞ்சல் மகள் கொற்றிக்கு வாழ்த்து, பத்திரமாய் வீடு திரும்புக என்றது.

நம் அஞ்சல் மகள் என்றது. மன்னர் பெயரால் என்றது. அவை எழுந்துவிட்டது. அவள் மட்டும் தரையில் உட்கார்ந்து, முகத்தைக் கையுறையில் புதைத்துக்கொண்டு அழுதாள்.

இப்போது சொல்லும். கருவியின் சொல் மன்னர் சொல் என்றால், அவர் அவளை ஏற்றுவிட்டார். நீர் எழுதியது மன்னருக்கு எதிரான பொய். கருவியின் சொல் மன்னர் சொல் அன்று என்றால், அதை மீறுவது துரோகம் என்ற உம் ஆணை பொய். இரண்டில் எந்தக் குழி உமக்கு வசதியோ, அதில் இறங்கும்.

ஆகவே நாம் இடும் ஆணை. கொற்றி விடுவிக்கப்பட்டாள். அவள் வண்டி துடைத்து, எண்ணெயிட்டு, சங்கிலி இறுக்கித் தரப்பட்டது. உம் திருவிழா ஓலை முத்திரை உடையாமல் அவளிடமே இருக்கிறது. அதைப் படிக்கும் அளவுக்கு எமக்குப் பொழுது போகாமல் இல்லை. நீர் வணங்காமுடி என்று விரட்டிய அந்தச் செங்கல் கருவியை எம் படைக்கு வாங்கி வெகுநாள் ஆகிறது. மாவேழன் தன் வண்டியிலிருந்த ஒன்றைக் கழற்றி, யாரும் சொல்லாமலே, அவள் கைப்பிடியில் திருகிப் பூட்டினான்.

உம் தேன்குரல் கருவி எம்மிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் நீரே வந்து வாங்கிக்கொள்ளும். ஆளை அனுப்பினால் தரமாட்டோம். மோட்டார் சைக்கிளில், கையுறை மாட்டி, உச்சி வெயிலில், அதே போன்ற கருவி ஒன்று வழி சொல்ல வாரும். எல்லைக் கல்லில் மாவேழன் காத்திருப்பான். அகழியை மூடவில்லை.

கடைசியாக ஒன்று. இவ்வோலையை உம் கையில் தந்துவிட்டு எதிரே நிற்பவள் கொற்றிதான். பணிக்கு வருவோர் முதலில் வணங்க வேண்டும் என்பது உம் நாட்டு வழக்கம் அன்றோ? அவள் தன் பணியை முடித்துவிட்டாள். இனி உம் முறை. ஓலையைக் கீழே வைத்து, எழுந்து நின்று, மன்னர் கேட்க, அவை கேட்க, அவளை நம்மவள் என்று சொல்லி வணங்கும்.

இப்படிக்குக் காரிமலைக் கோட்டை முத்திரை பதித்தோம். மெழுகு உலருமுன் அவள் புறப்படுகிறாள்.