பமீலா டீச்சரின் அம்மா

மௌலா அலி, ஹைதராபாத்
சனிக்கிழமை காலை

அன்புள்ள ப்ரியம்வதாவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை, நாலு நாளாகப் போனை எடுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதி, போட்டோ எடுத்து மெயிலில் அனுப்புகிறேன். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, என்னிடம் கத்துவதற்கு முன்னால் முழுசாகப் படி.

வியட்நாமில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போன பெண்ணை எட்டு மாசமாகப் போனில் கழுத்து வரைக்கும்தான் பார்க்கிறேன். திங்கட்கிழமை உங்கள் பள்ளிக்கூடத்து பேஸ்புக்கில் நீ போர்டு முன்னால் நிற்கிற போட்டோவைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் பெண் ப்ரியம்வதா, ஹைதராபாத், ஏன் கண்ணா இப்படி இளைத்துவிட்டாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அதற்குக் கீழே எழுதினேன், அதுவும் எல்லாருக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷிலேயே. நாச்சாரத்திலிருந்து உன் கல்பகம் அத்தை வேறு நான் எழுதினதுக்குப் பூங்கொத்துப் படம் போட்டுவிட்டுப் போனாள். போட்டோவுக்குக் கீழே 'டீச்சர் பமீலா, கனடா' என்று இருந்ததை நான் படிக்கவே இல்லை. பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்ப்பேனா, கீழே எழுதியிருப்பதைப் படிப்பேனா?

அரை மணியில் நீ போன் பண்ணி, "கைக்கு, ஏம்மா இப்படிப் பண்றே, இங்கே என்னைக் கனடாக்காரின்னுதான் சொல்லி வச்சிருக்காங்க, நான் இந்தியான்னு தெரிஞ்சா பேரன்ட்ஸ் பசங்களை நிறுத்திடுவாங்க" என்று அழுதாய். சனிக்கிழமை பெற்றோர் கூட்டமாம், அதற்குள் இது என் மகள் இல்லை, ஆள் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று நான் எழுதாவிட்டால் உனக்கு வேலையும் இல்லை, விசாவும் இல்லை என்று உங்கள் மேனேஜர் சொன்னாராம். எழுதினதை அழித்துவிடுகிறேனே என்றேன். "நக்கோ, வேணாம், அழிச்சா சந்தேகம் வரும், மாத்தி எழுது" என்று வைத்துவிட்டாய்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. அப்பா முப்பத்திரண்டு வருஷம் அடையாள அட்டையைக் காட்டாமல் கேட்டைத் தாண்ட முடியாத இடத்தில் வேலை பார்த்தவர், "பேரை மாத்தி நாட்டை மாத்தி அப்படி என்ன வேலை, கிளம்பி வரச் சொல்லு" என்கிறார். எனக்கும் கோபம்தான். டிகிரி உன்னுடையது, டிரெயினிங் சர்டிபிகேட் உன்னுடையது, தொண்டை கிழியக் கத்துவது நீ, பெயர் மட்டும் எவளுடையதோ. அந்த ஊர் பைக் கூட்டத்தில் ரோடு தாண்ட, மீன் வாசனைக்கு நடுவில் தயிர்சாதம் சாப்பிட எல்லாம் பழகிவிட்டது என்றாயே, இதையுமா பழகிக்கொண்டாய்? ஆனால் தெரியாத ஊரில் என் பெண் பெட்டியோடு நடுத்தெருவில் நிற்பதை நினைத்தால் கோபமாவது ஒன்றாவது.

நேற்று சாயங்காலம் அப்பா வாக்கிங் போனதும் நீ கேட்டதை எழுதிவிட்டேன். மன்னிக்கவும், என் மகள் என்று நினைத்துவிட்டேன், இவர் வேறு யாரோ என்று. எழுதி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, கல்பகம் போன் பண்ணி, "என்ன மன்னி, அப்போ அது யாரு?" என்றாள். யாரோ கனடாக்காரி என்றேன். போனை வைத்துவிட்டு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன், அப்பா வந்து கேட்டதற்கு வெங்காயம் என்றேன். உனக்காக ஒரு தடவை செய்துவிட்டேன் ப்ரியம்வதா, இன்னொரு தடவை கேட்காதே, என்னால் ஆகாது. இன்றைக்குக் கூட்டத்தில் யாராவது நேருக்கு நேர் கேட்டால் என்ன சொல்வதென்று நீயே முடிவு செய். வேலை போனால் போகட்டும், இங்கே உன் கட்டில் அப்படியேதான் இருக்கிறது.

நன்றாக இரு, தைரியமாக இரு. வெறும் வயிற்றோடு கூட்டத்துக்குப் போகாதே. பாஸ்போர்ட்டை மேனேஜர் கேட்டாலும் கொடுக்காதே, அதில்தான் உன் பெயரும் என் பெயரும் சேர்ந்து இருக்கின்றன.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
ரமணி