ஜன்னலோரக் கட்டில்

அரியலூர்
3.2.2025

அன்புள்ள செல்விக்கு,

போனில் “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாள் எடுத்தேன்.

இரண்டாவது பிரசவத்துக்கும் நீ இங்கேதான் வர வேண்டும். யாழினி வயிற்றில் இருந்தபோது, மசக்கையில் துவண்ட உன்னை மூன்றாம் மாதமே அழைத்து வந்து பார்த்தவள் நான். அதே அறை, அதே ஜன்னலோரக் கட்டில். வாசலில் சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்பைவிடக் கூடிவிட்டன, பழகிவிடும். விடிந்ததும் ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினால் பாதி நோய் போகும் என்று நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் சொன்னது இன்றுவரை பொய்த்ததில்லை.

யாழினி ஐந்து வயதிலும் ஏழுக்கு மேல் எண்ணத் தெரியாமல் நிற்கிறாளாமே? அந்த வயதில் நீ வாய்ப்பாடு ஒப்பித்தாய். செல்லம் கொடுத்துக் கெடுக்காதே.

அன்புடன்,
திருமதி லீலாவதி நடராசன்


வாலிகண்டபுரம்
12.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

யாழினி செல்லத்தால் கெடவில்லை. திருச்சியில் டாக்டரிடம் காட்டினோம். மூளை வளர்ச்சி வயதுக்குப் பிந்தியிருக்கிறதாம். “மாசமா இருந்தப்ப எங்க இருந்தீங்கம்மா?” என்று கேட்டார். லாரி ரோட்டுப் பக்கம், ஜன்னலை ஒட்டி என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“இதாலதான்னு ஒரு பிள்ளையக் காட்டிச் சொல்ல முடியாதும்மா. ஆனா மாசமா இருக்கறவங்க இழுக்குற புகையும் தூசியும் வயித்துப் பிள்ளையோட மூளையப் பாதிக்கலாம்னு ஆராய்ச்சி சொல்லுது. அடுத்ததுக்கு அங்க போவாதீங்க.”

அப்போதெல்லாம் நான் ஜன்னலைச் சாத்துவேன். “மூடி வெச்சா மூச்சு முட்டும்டி, திற” என்பீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நான் வரமாட்டேன், அம்மா. நீங்கள் இங்கே வாருங்கள்.

உங்கள் மகள்,
வெற்றிச்செல்வி


அரியலூர்
4.3.2025

செல்வி,

நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் அந்த டாக்டருக்குத்தான் புத்தி சொல்லியிருந்தேன்.

இன்று காலையும் ஜன்னல் கட்டையை ஈரத்துணியால் துடைத்தேன். துணி சாம்பலாக வந்தது. நீ இங்கிருந்த மாதங்களிலும் தினம் இரண்டு வேளை துடைத்தேன். கட்டையில் தூசி நிற்கக் கூடாது என்று பார்த்தேன். அதன் அருகில் நீ படுத்திருந்ததைப் பார்க்கவில்லை.

நிச்சயமாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அது எனக்கு ஆறுதலாக இல்லை. நீ சாத்தினாய், நான் திறந்தேன், அது நிச்சயம்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மாப்பிள்ளை அலைய வேண்டாம். யாழினிக்கு எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டேன், பயப்படாதே. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏழு வரை போதும்.

அம்மா