பதிலாள் வரும்வரை

கட்டைபறிச்சான்
2025 ஜனவரி 19

அன்புள்ள அருள்மலர்,

நீ சுகமாகத்தான் இருப்பாய், எனக்கு அதில் சந்தேகமில்லை. டவுனில் இருக்கிற ஆட்களுக்கு என்ன குறை. போனில் கதைத்தால் நமக்குள் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். என்னோடு படிப்பிக்கிற பஹ்மியா ரீச்சர் வெள்ளிக்கிழமைகளில் அங்கே வருவா. அவவிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன கிழமை வீட்டுக்கு வந்தபோது தர்சிகாவுக்குத் தலை இழுக்கப் போனேன். "நீங்கள் வேண்டாம் அம்மா, அருள் அன்ரிதான் வடிவாய்ப் பின்னுவா" என்று சொல்லிவிட்டு நம் இரண்டு வீட்டுக்கும் நடுவேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடிவிட்டாள். பெற்றவள் நான் சீப்போடு கதிரையில் இருக்கிறேன். அவர், உன் கஜீபன் அண்ணை, சிரிக்கிறார். "உன்ர சிநேகிதி இல்லாட்டி எங்கட பாடு கஷ்டம் ஜெயா" என்று வேறு சொல்கிறார். பிறகு உன் இறால் குழம்பின் புகழ் தொடங்கியது. பக்கத்து வீட்டுக் குழம்பைப் பற்றி ஒரு பெண் தன் புருஷன் வாயால் எவ்வளவுதான் கேட்பது?

நான் நன்றி சொல்லவேண்டியவள். தெரியும். ஆனால் எரிகிறது அருள். மறைத்து வைத்தால் இன்னும் எரியும்.

இடமாற்றத்துக்கு மேன்முறையீடு போட்டிருக்கிறேன். நம் பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர் இருவரில் ஒருத்தி குடாவுக்கு இந்தப் பக்கம் போகவேண்டும் என்று வந்தபோது, உன் அப்பா வருத்தக்காரர், படுக்கையில் கிடக்கிறார் என்று உன்னை விட்டு என்னை அனுப்பினார்கள். அன்றைக்கு நான் எதிர்க்காமல் மூட்டை கட்டினேன். பின்னேரம் கரையில் போய் நின்றால் உங்கள் துறைமுகத்து வெளிச்சம் தெரிகிறது. பார்க்காமல் திரும்பி வந்துவிடுவேன்.

பிள்ளைக்கு இருமல் என்றார். கொத்தமல்லி அவித்துக் கொடு. நீ கொடுத்தால் குடிப்பாளாம்.

எரிச்சலோடும் அன்போடும்,
ஜெயரூபி


திருகோணமலை
2025 பெப்ரவரி 2

என் எரிச்சல்காரிக்கு,

கொத்தமல்லி குடித்தாள், முகத்தைக் கோணிக்கொண்டுதான். இருமல் விட்டுவிட்டது.

தலை பின்னியதற்குக் கோபமோ? எடியே, பின்னி முடிந்ததும் அவள் எங்கே போகிறாள்? உன் வீட்டுக்கு. யாருடைய கட்டிலில் படுக்கிறாள்? அப்பா கண்மூடிய பிறகு இந்தப் பக்கம் நானும் அவருடைய சாய்மனைக் கதிரையும்தான். உன் பிள்ளை வேலிப் பொட்டால் திரும்பிப் போன பிறகு என் வீடு எப்படிக் கிடக்கும் என்று நீ கேட்டாயா? எரிகிற உரிமை உனக்கு மட்டும் இல்லை.

கஜீபன் அண்ணைக்கு இனிக் குழம்பு கொடுக்கமாட்டேன். பாணும் சம்பலும் சாப்பிடட்டும்.

உன் மேன்முறையீட்டு விசாரணைக்காக மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். அன்றைக்கு அந்த நீலச் சீலையை உடுத்து. அழாதே. அழுகிற ஆட்களின் கோப்பைப் படிக்காமலே கெதியில் மூடிவிடுவார்கள். கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்.

உன்
அருள்


கட்டைபறிச்சான்
2025 மார்ச் 16

அருள்,

விசாரணை முடிந்தது. காலையில் போய் வெளியே கிடந்த வாங்கில் குந்தியிருந்தேன், மத்தியானம் அவர்கள் சாப்பிட்டு வந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். நடுவில் இருந்த தலைவர் மட்டும் கதைத்தார். மற்றவர்கள் கோப்பைப் புரட்டினார்கள். பிள்ளையின் வயதைக் கேட்டார்கள். பிறகு தலைவர் சொன்னார்: "உங்கட காரணம் நியாயம்தான். ஆனால் பதிலாள் வேணும். பதிலாள் வரும்வரை உங்களை விடுவிக்க ஏலாது. ஆரும் இருக்கினமோ?"

உன் பெயரைச் சொன்னேன்.

"அவவின்ர தகப்பன் வருத்தம் எண்டு கோப்பில கிடக்கு" என்றார்.

"அவர் போன ஒக்டோபரில செத்திட்டார் சேர். அந்தக் காரணம் இப்ப இல்லை" என்றேன்.

பொய் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைத்தான் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்டதற்கு மட்டும்தான் மறுமொழி சொன்னேன். நீலச் சீலைதான் உடுத்திருந்தேன்.

வேறு பெயர்களும் வாயில் வந்தன. ஆனால் உன் பெயர்தான் வேண்டியிருந்தது. நான் திரும்பி வந்தாலும், நீ அந்த வேலிக்கு அங்கால் இருக்கும்வரை என் வீடு எனக்கு முழுதாய்க் கிடைக்காது. அவ்வளவு எரிச்சல் எனக்கு.

உனக்கு அழைப்பு வரும். ஆட்சேபனை சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. நீ சொன்னால் நான் இங்கேயே கிடப்பேன்.

ஜெயரூபி


திருகோணமலை
2025 ஏப்ரல் 27

திருமதி ஜெயரூபி கஜீபன் அவர்களுக்கு,

அழைப்பு வந்தது, போனேன். அதே வாங்கில்தான் இருத்தினார்கள். "உங்கட தகப்பனார் காலமானது உண்மையோ?" என்று கேட்டார் தலைவர். "ஓம் சேர்" என்றேன். "ஏதும் ஆட்சேபனை இருக்கோ?" என்றார். சொல்ல நிறைய இருந்தது. மேசையில் விரித்திருந்த கோப்பில் உன் பெயரையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். கொஞ்சம் பார்த்துவிட்டு, ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அப்பாவின் பெட்டியை மூடும்போது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவள் நீ. வந்த சனத்துக்கெல்லாம் என் குசினியில் தேத்தண்ணி ஊற்றியவள் நீ. அந்தச் சாவைத்தான் மேசையில் எடுத்து வைத்தாய்.

வேலிக்கு மேலால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் இடத்தைத் தந்திருப்பேன். நீ விசாரணை வைத்து எடுத்தாய்.

மே மாதம் அங்கே கடமையேற்கிறேன். இனி எழுதவேண்டாம்.

அருள்மலர்


திருகோணமலை
2025 ஜூன் 29

அருள்,

எழுதவேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

வீடு முழுதாய்க் கிடைத்துவிட்டது. தர்சிகா பள்ளிக்கூடத்தால் வந்ததும் வேலிப் பொட்டுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொள்கிறாள். நான் பின்னிவிட்டால் அவிழ்த்துவிடுகிறாள். அவர் உன் குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, என் குழம்பைப் பற்றியும்தான். உன் முற்றத்து வாழைக்கு நான்தான் தண்ணீர் விடுகிறேன்.

நேற்று பஹ்மியா ரீச்சரைச் சந்தையில் கண்டேன். அங்கே பிள்ளைகள் உனக்குப் பின்னாலேயே திரிகிறார்களாம். என்னைக் கேட்கிறார்களா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டா. வீட்டுக்கு வந்து அதற்கும் எரிந்தேன் அருள். அந்த ஊரை விட்டு வர எத்தனை பாடுபட்டேன், அந்தப் பிள்ளைகளும் எனக்கே வேண்டுமாம். என்ன பிறவி நான்.

உன் அப்பாவைப் பற்றி நான் அங்கே கதைத்திருக்கக்கூடாது. மன்னித்துக்கொள்.

பிள்ளைக்கு நீ போடுகிற பின்னலை எப்படிப் போடுவது? அதை மட்டுமாவது எழுதி அனுப்பு.

ஜெயா


கட்டைபறிச்சான்
2025 ஜூலை 20

ஜெயா,

உன் மேன்முறையீடு கிடைத்தது.

ஏழாம் வகுப்பில் றஜிதா என்று ஒருத்தி. நான் எந்தக் கணக்கைச் செய்தாலும் எழும்பி நின்று, "ஜெயரூபி ரீச்சர் இதை இன்னும் லேசாச் செய்து காட்டினவ" என்கிறாள். மற்றதுகளும் தலையாட்டுகின்றன. பஹ்மியாவுக்கு இது தெரியாது. எனக்கு எரிகிறது. இதைப் படித்துவிட்டு நீ சிரிப்பாய் என்று நினைக்க இன்னும் எரிகிறது.

பின்னலை எழுதிக் காட்ட ஏலாது. சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரில் வா. சீப்பும் றிபனும் கொண்டு வா. உன் கையைப் பிடித்துத்தான் காட்டவேண்டும்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறாதே. அப்பாவைப் பற்றி நீ சொன்னது இன்னும் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது. சிநேகிதியாய் உன் இடத்துக்கு வேறு ஒருத்தியைத் தேடியும் பார்த்தேன். பஹ்மியா நல்லவள், ஆனால் அவளோடு எனக்குச் சண்டை பிடிக்க வரவில்லை.

ஆகவே, பதிலாள் வரும்வரை உன்னை விடுவிக்க ஏலாது.

அருள்