நாலு நாள் மட்டும் நின்ற கேள்வி

என்னங்க,

முதல் தடவை கூப்பிட்டால் திரும்ப மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் இன்னொரு தடவையும் கூப்பிட்டுக்கொள்கிறேன். என்னங்க, நான்தான்.

அடுத்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. பேப்பரில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி போடலாம் என்று தேவி சொன்னாள். அந்த நாலு வரியை யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்களாம். படத்தை மட்டும் மாற்றினால் போதுமாம். எனக்கு மனசு வரவில்லை. நானே எழுதுகிறேன் என்றேன். அப்போது நம் மகள் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலாம் வகுப்போடு ரப்பர்ப் பால் வாளியைத் தூக்கப் போனவள் நான். அவள் பேனாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பிழை இருந்தால் பேப்பர்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

நான் சொல்ல வந்தது பலகையைப் பற்றி.

படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும், அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கா பத்துவில் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் எனக்கு ஒரு ஒட்டுக்கடை, பலகாரமும் தேத்தண்ணியும் விற்கிறேன். நீங்கள் அந்த பஸ்ஸுக்கு டிரைவர். காலையில் குருபோங் பெக்டரியில் நைட் சிப்ட் முடித்தவர்களைக் கொண்டுவந்து இறக்கி, பகல் சிப்ட் ஆட்களை ஏற்றிப் போவீர்கள். சாயங்காலம் அதையே திருப்பிச் செய்வீர்கள். கடையில் ஒரு கரும்பலகை தொங்கும். உள்பக்கம் அன்றைக்கு என்ன பலகாரம் என்று நான் எழுதுவேன். ரோட்டைப் பார்த்த பக்கம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீங்கள் ஒரு கேள்வி எழுதுவீர்கள்.

முதல் கேள்வி நினைவிருக்கிறதா? "இட்லிக்குச் சாம்பாரா, சம்பலா?" சும்மா விளையாட்டுக்கு எழுதினீர்கள். பஸ்ஸில் எல்லாரும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே போகிறார்கள், பிணத்தை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று அதற்கு முதல் நாள்தான் சொன்னீர்கள்.

"என்னண்ணே, பள்ளிக்கூடமா நடத்துறீங்க?" என்று செல்வம் கேட்டார்.

"பதில் தெரிஞ்சா சொல்லு. தெரியலன்னா போய்த் தூங்கு" என்றீர்கள்.

அன்றைக்குக் குருபோங் போய்ச் சேரும் வரை ஒருத்தரும் தூங்கவில்லையாம். அடுத்த நாளே கடையில் ஒரு பால்மாவு டின்னை வைத்தோம். பெட்டிக் கிழிசல், பிஸ்கட் தாள், கையில் கிடைத்ததில் பதிலை எழுதிப் போட்டார்கள். முன் சீட்டில் உட்காருகிறவர் அதை எடுத்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். நான் மட்டும் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. "கடைக்காரி பதில் இன்னும் வரலையே" என்று டின்னை ஆட்டிக் காட்டுவீர்கள். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று எனக்குப் பயம்.

உங்கள் கடைசிக் கேள்வி எதனால் வந்தது என்பதும் நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மஸ்ஜித் தானா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். நீங்கள் எங்கோ முன்னால் போய்விட்டீர்கள். நான் "என்னங்க" என்று கத்தினேன். அந்தச் சந்தையில் தமிழ் ஆம்பளைகள் நாலு பேர் இருந்தாலே அதிசயம். அன்றைக்கு உங்களைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் திரும்பினார்கள். நீங்கள் மட்டும் திரும்பவில்லை. வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தீர்கள். திங்கட்கிழமை பார்த்தால் பலகையில் இருக்கிறது: "பெண்டாட்டி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா, கூடாதா?"

டின் நிரம்பி வழிந்தது. வியாழக்கிழமை மத்தியானம் மூச்சு வாங்குகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

பதினாறு முடிந்து கடையைத் திறந்தபோது கேள்வி அப்படியே இருந்தது. எனக்கு அதை அழிக்கக் கை வரவில்லை. படிக்கவும் முடியவில்லை. பலகையைத் திருப்பி, உங்கள் பக்கம் கடைச் சுவரைப் பார்த்திருக்கும்படி ஆணியில் மாட்டினேன். பலகாரம் எழுதுகிற பக்கம் வெளியே வந்தது. என் கடையில் என்ன கிடைக்கும் என்று இங்கே யாருக்குத்தான் தெரியாது? பலகாரத்தை அழித்துவிட்டு அதில் ஒரு கேள்வி எழுதினேன். "மழை நல்லதா, வெயில் நல்லதா?" என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

செல்வம்தான் முதலில் பார்த்தார். இடுப்பில் மாட்டியிருந்த பேஜரைப் பிடித்துக்கொண்டு குனிந்து படித்தார். "டிரைவர் அண்ணன் கேட்ட மாதிரியே இருக்கு அண்ணி" என்றார்.

அந்த ஒரு சொல்தான் என்னைக் கெடுத்தது. கொள்ளிபோட்ட பிறகு யாரும் என் முன்னால் உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. நான் அழுதுவிடுவேனாம். கேள்வி எழுதினால் பேசுகிறார்கள். அடுத்த நாளும் எழுதினேன். அதற்கு அடுத்த நாளும். விடியும் முன் சட்னி அரைக்கும்போதே மண்டைக்குள் கேள்வி ஓடும். மீனா கோழியா, டிவியா ரேடியோவா, அம்மா சமையலா மாமியார் சமையலா. திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. பலகாரம் மாதிரி கேள்வியும் சுடச்சுடத் தினம் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடை வைத்திருக்கிறவள் புத்தி வேறு எப்படி இருக்கும்?

முதல் வாரம் டின் நிறைந்தது. இரண்டாவது வாரம் பாதி. மூன்றாவது வாரம் ஒரு நாள் மூடியைத் திறந்தால் ஒரே ஒரு தாள். "அண்ணி, நேத்து கேள்விக்கே இன்னும் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்" என்று எழுதியிருந்தது. நான் அதைப் படித்துச் சிரிக்கவில்லை. உங்களை மறந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் குமாரி வந்தாள், செல்வத்தின் மனைவி. உங்களுக்குத்தான் தெரியுமே, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இரண்டு பேரும் ஆளுக்கொரு சிப்ட். அவள் பஸ்ஸை விட்டு இறங்குவாள், அவர் ஏறுவார். நடுவில் ஐந்து நிமிடம். அதில் சாவியைக் கொடுத்து, பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்டு முடித்துவிட வேண்டும். அன்றைக்கு பஸ் போன பிறகும் வீட்டுக்குப் போகாமல் கடையில் நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"தெனமும் கேள்விய மாத்தாதீங்கலா. நான் காலைல பாத்துட்டுப் போறேன். அவரு சாயங்காலம் பாத்துட்டு ஏறுறாரு. ராத்திரி பூரா யோசிச்சி, காலைல எறங்கி வந்து எங்கிட்ட வாயத் தொறக்கிறதுக்குள்ள நீங்க அழிச்சிட்டு வேற எழுதிட்டீங்க. ஞாயித்துக்கிழம உக்காந்து பேசலாம்னா ஏழு கேள்வி கெடக்கு. எதன்னு பேசுறது? பிள்ளையோட இருமலத்தான் பேசுறோம்."

"முன்ன மட்டும் பேசுனீங்களா?"

"என்ன அண்ணி இப்படிக் கேக்குறீங்க? அண்ணன்தானே பேச வச்சாரு. காலைல பஸ்ல நான் சொன்னத சாயங்காலம் அவருகிட்ட சொல்லிருவாரு. 'உன் பொண்டாட்டி இப்படிச் சொல்றா, நீ என்னா சொல்ற'ன்னு. அவரு சொன்னது காலைல எனக்கு வந்துரும். ரெண்டு பேரும் ஒரே சீட்டுல உக்காந்து சண்ட போட்ட மாதிரி இருக்கும். எங்களுக்கு மட்டுமா செஞ்சாரு? அந்த பஸ்ல எங்கள மாதிரி எத்தன ஜோடி."

அவள் போன பிறகு தேத்தண்ணி கலக்க வைத்த பால் பொங்கி அடுப்பில் ஊற்றியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? பதிமூன்று வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டோமே. நீங்கள் வாயாடுகிறீர்கள், பொழுதுபோக்குகிறீர்கள் என்றுதானே நான் நினைத்தேன். "கேள்வி எழுதுற நேரத்துல ரெண்டு குடம் தண்ணி புடிச்சி வைக்கலாம்" என்று ஏசியிருக்கிறேனே. சொல்லியிருந்தால் ஏசியிருக்க மாட்டேன். இல்லை, சொன்னீர்களா? நான்தான் வடை சட்டியைப் பார்த்துக்கொண்டு காதில் வாங்காமல் இருந்துவிட்டேனா?

பலகையைத் துடைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. அதுவும் சரிப்படவில்லை. ஆட்கள் வெறும் பலகையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போது பஸ் ஓட்டுகிற பாக் சமாட் நல்ல மனிதர், உங்கள் வயசுதான். அவரே ஒரு நாள் பலகையைக் காட்டி, இன்றைக்குக் கேள்வி இல்லையா என்று மலாயில் கேட்டார். தமிழ் தெரியாதவருக்கே குறை தெரிகிறது.

சரி, உங்களைப் போல வாரம் ஒன்று எழுதுவோம் என்று பார்த்தேன். ஒரு வாரம் போதவில்லை. பகல் ஆட்கள் சொன்னதை நைட் ஆட்களிடம் கொண்டுபோக நீங்கள் இல்லை. பாக் சமாட்டிடம் தமிழ்த் தாளைக் கொடுத்து என்ன செய்வது? நான் அடுப்பை விட்டு பஸ்ஸில் ஏறிப் போக முடியுமா? ரொம்ப யோசித்தேன். கடைசியில் கடையின் முன்னால் ஒரு கயிறு கட்டினேன். டின்னில் விழுகிற பதிலைத் துணி கிளிப்பால் கயிற்றில் மாட்டினேன். பகல் ஆட்களுடையது ஒரு பக்கம், நைட் ஆட்களுடையது ஒரு பக்கம். முதல் வாரம் பதில் தொங்கும். இரண்டாவது வாரம் அந்தப் பதிலுக்குப் பதில் தொங்கும். பெக்டரியில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பகல் ஆட்களும் நைட் ஆட்களும் மாறிக்கொள்வார்கள். சிப்ட் மாறுகிற திங்கட்கிழமைதான் புதுக் கேள்வி. உங்கள் வாய்க்கு ஒரு வாரம் போதும். என் கயிற்றுக்கு இரண்டு வாரம் வேண்டும். இதை முடிவு செய்ய எனக்கு ஐந்து மாதம் ஆனது.

இப்போது கயிறு நிறைந்து தொங்குகிறது. போன கேள்விக்குச் செல்வம் எழுதியதைப் படித்துவிட்டு, குமாரி கிளிப்போடு பிடுங்கிக்கொண்டு போனாள். "இத வச்சி ஞாயித்துக்கிழம கேக்குறேன் அவர" என்றாள். செல்வம் திங்கட்கிழமை வந்து, "அண்ணி, உங்க கயித்தால எனக்குச் சோறு இல்லாமப் போச்சி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது. என் கேள்விக்கெல்லாம் பதினாலு நாள் கொடுக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்குக் கிடைத்தது நாலே நாள். சுவரைப் பார்த்து ஒரு வருடமாகக் காத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் பத்து நாள் அதற்குப் பாக்கி.

நேற்று ஆணியிலிருந்து கழற்றிப் பார்த்தேன். கொஞ்சம் மங்கியிருக்கிறது. படிக்க முடிகிறது. 'கூடாதா'வில் உங்கள் கால் எழுத்து வழக்கம்போல வாலை நீட்டிக்கொண்டு இருக்கிறது. அதன் மேல் நான் சாக்பீஸ் வைக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தைத் தேவி படித்துப் பார்த்தாள். "அம்மா, அப்பா பேரே எங்கயும் இல்லையேம்மா. யாருக்கு எழுதுனதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள். உங்களுக்குத் தெரியும் என்றேன்.

ஆனாலும் அவள் கேட்டதும் சரிதான். வருகிற திங்கட்கிழமை சிப்ட் மாறுகிறது. பஸ் வருவதற்கு முன்னால் பலகையைத் திருப்பி, உங்கள் பக்கத்தை ரோட்டுக்குக் காட்டுவேன். பத்து நாள் யாரையும் துடைக்க விட மாட்டேன், சத்தியம். கயிற்றில் முதல் தாள் என்னுடையதாகத்தான் இருக்கும். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன், நீங்கள் இனிமேல் டின்னை ஆட்ட வேண்டாம்.

கூப்பிடலாம்.

இப்படிக்குக் கடைக்காரி,
வேலாயுதத்தின் பெண்டாட்டி