சொல்லாமல் எடுத்த ஷாட்

பாப்பாவுக்கு,

செம்பாக்கம் ஏரியை இரண்டு முறை சுற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். "நாலாம் பாகத்தை உங்க பொண்ணே டைரக்ட் பண்ணட்டுமே சார்" என்று போன வாரம் தயாரிப்பாளர் கேட்டார். மூன்று பாகமும் என் கதை. முடியாது என்றேன்.

நேற்று தாம்பரத்தில் மூன்றாம் பாகத்தை மறுபடி போட்டார்கள். கதாநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு ரயில் ஏறும் ஷாட்டுக்கு ஒரே விசில். "டைரக்டர் இன்னாமா யோசிச்சிகீறார் பாரு" என்றார் பக்கத்து ஆள்.

அந்த ஷாட் எடுத்த அன்று எனக்குக் காய்ச்சல். எடுத்தது நீ. என்னிடம் சொல்லாமல் எடுத்தாய் என்றுதான் உன்னை யூனிட்டை விட்டே அனுப்பினேன்.

இன்று காலையில் தயாரிப்பாளருக்குப் போன் செய்து, நாலாம் பாகத்தை என் பொண்ணே எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்தச் செருப்பைத் தேடி அவள் திரும்பி வருவாளா? வேண்டாம், சொல்லாதே.

ஷூட்டிங் முடியும் கடைசி நாள் பூசணிக்காய் உடைக்கும்போது கூப்பிடு. அதுவரை செட்டுக்கு வராமலிருக்கப் பார்க்கிறேன்.

அப்பா