குளிர்காலத்து லூன் பறவையின் கண்

அன்புள்ள ஹில்யா, உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். நான் சொல்லச் சொல்ல, விடுதிச் சமையல்காரி சைமா எழுதுகிறாள்.

தேவாலய மணி விரிசல் விட்டு, உருளைக்கிழங்கெல்லாம் பனியில் கருகிய வருஷம் அது. ஏரியில் நீ, நான், என் அண்ணன் கார்லோ, பக்கத்து வீட்டுக்காரன், நாலு பேரும் ஒரே படகில் இருந்தோம். வலையோரம் ஒரு லூன் பறவை எழும்பியது. கறுப்புக் கழுத்து, முதுகில் வெள்ளைக் கட்டங்கள், ரத்தச் சிவப்பாகக் கண்.

"குளிர்காலத்துல கடலுக்குப் போனா இந்த அழகெல்லாம் உதிர்ந்துடும். கண்ணுகூடப் பழுப்பாயிடும்," என்றான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்.

"புளுகாதடா," என்றேன்.

நீ அவனையே பார்த்து, "உங்களுக்கு எவ்வளவு தெரியுது!" என்றாய். என்னிடம் ஒருநாளும் நீ அப்படிச் சொன்னதில்லை.

நேற்று இந்தத் துறைமுகத்தில் சாம்பல் நிறப் பறவையொன்று முங்கி எழுந்தது. கண் மங்கிய பழுப்பு. "லூன்தான் கிழவா," என்றார்கள் மீனவர்கள். சூப்பைப் பாதியிலேயே தள்ளி வைத்துவிட்டேன்.

"இந்த வயசுல என்னய்யா பொறாமை?" என்று சைமா சிரிக்கிறாள்.

கம்பளிக் காலுறை அனுப்பு. விறகு பிளக்க அவனைக் கூப்பிடாதே, நான் வந்து பிளக்கிறேன். இந்தக் கண் விஷயத்தையும் அவன் காதில் போட்டுவிடாதே. தபால் வண்டி கிளம்புகிறதாம். கார்லோ போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தப் படகில் நம் இருவரைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது அந்தப் பக்கத்து வீட்டு எமெலி ஒருத்தன்தான்.